உடனே வரச் சொன்னார்கள்

அருள்பாண்டியின் குடும்பம் சுற்றுலாவுக்குக் கிளம்பியதே இல்லை என்று சொன்னால் அது பொய். கிளம்பியிருக்கிறார்கள், போய்ச் சேர்ந்ததுதான் இல்லை. அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அவனுக்கு உசிலம்பட்டிப் பக்கம் பங்காளிகள் எக்கச்சக்கம். வண்டிக்குச் சொல்லி, பை கட்டி, பிள்ளைகளுக்குக் குல்லா வாங்கி வைத்த அன்றைக்குப் பார்த்து அவர்களில் யாராவது ஒருவர் மண்டையைப் போட்டுவிடுவார். போட்டால் தீட்டு. தீட்டு என்றால் மலை ஏறக் கூடாது. ஊட்டி இப்படித்தான் போனது. ஏற்காடும் இப்படித்தான் போனது. ஏற்காட்டைக் கெடுத்த கிழவரை அருள்பாண்டியின் மனைவி முனீஸ்வரி தன் கல்யாணத்தில் ஒரு தடவை பார்த்ததோடு சரி. முகம்கூட நினைவில்லாத அந்த மனுஷருக்காகப் போய் அழுதுவிட்டு வந்து, குல்லாக்களை மடித்துப் பீரோவில் வைத்தாள்.

பிள்ளைகள் இரண்டு. பெரியவன் சூரியபிரகாஷ் கேட்பதையே விட்டுவிட்டான். சின்னவள் சத்யப்ரியா விடுவதாக இல்லை. பள்ளிக்கூடத்தில் ‘நான் சென்ற சுற்றுலா’ என்று கட்டுரை எழுதச் சொன்ன போதெல்லாம் அவள் திருப்பரங்குன்றத்தைத்தான் எழுதினாள். டவுன் பஸ்ஸில் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குத் திரும்பிவிடுகிற ஊர். போன வருஷம் டீச்சர் ‘இந்தத் தடவையாவது வேறு ஊர் எழுது’ என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பிவிட்டார். டீச்சருக்கென்ன, அவருக்குப் பங்காளிகள் குறைவாக இருப்பார்கள். முனீஸ்வரிக்குத்தான் அந்தச் சிவப்பு மை நெஞ்சில் குத்தியது.

அதனால் இந்த மே மாதம் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அக்கம்பக்கத்தில் சொல்லவில்லை, ஊருக்குச் சொல்லவில்லை. தாண்டிக்குடியில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பட்டறை வாடிக்கையாளர் ஒருவர் தோட்டத்து வீட்டில் இரண்டு நாள் தங்கிக்கொள்ளச் சொன்னார். வாடகை வேன் ஒன்றைப் பிடித்து, விடிந்தும் விடியாமலும் மாமனார் காசிமாயனையும் மாமியார் சீனியம்மாளையும் ஏற்றிக்கொண்டு, கிட்டத்தட்டத் திருட்டுத்தனமாகத்தான் அந்தக் குடும்பம் மதுரையை விட்டுக் கிளம்பியது. வத்தலக்குண்டு தாண்டி மலை தெரிந்தபோது சத்யப்ரியா கத்திய கத்தலில் டிரைவரே சிரித்துவிட்டான்.

காசிமாயனைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவருக்கு ஒரே ஒரு அண்ணன், முத்திருளன். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கிணறு. யார் எப்போது மோட்டார் போடுவது என்று முறை உண்டு. ஒரு கோடையில் காசிமாயனின் முறை பாதியில் இருக்கும்போது அண்ணன் வந்து பியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார். காசிமாயன் அண்ணன் என்றும் பார்க்காமல் கையை ஓங்கிவிட்டார். அடி விழவில்லை. ஆனால் ஊர் பார்க்க ஓங்கிய கை ஓங்கியதுதானே. அதோடு பேச்சு நின்றது. காசிமாயன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனோடு அவனியாபுரம் வந்து சேர்ந்தார். இழவு வீடுகளில் அண்ணனும் தம்பியும் பந்தலின் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள்.

ஆனால் ஊரிலிருந்து யார் வந்தாலும் காசிமாயன் மழையைக் கேட்பார், மாட்டைக் கேட்பார், சுற்றி வளைத்துக் கடைசியில், “அங்கிட்டு எப்படி இருக்காக?” என்பார். அங்கிட்டு என்றால் அண்ணன். அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடக்கிறார் என்று தெரிந்த பிறகு மனுஷருக்கு ராத்தூக்கம் போனது. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சீனியம்மாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

“ஒரு வார்த்தை வரச்சொல்லி ஆள் விடட்டும். மறு நிமிசம் நிக்கிறேன்” என்பார் காசிமாயன். அண்ணனும் ஊரில் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. இரண்டு பேருக்கும் ஒரே வீம்பு. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

மலைக்கு மேலே அருள்பாண்டியின் போனிலும் முனீஸ்வரியின் போனிலும் டவர் சுத்தமாகப் போய்விட்டது. காசிமாயனின் பழைய பட்டன் போனில் மட்டும்தான் இரண்டு கோடு நின்றது. தோட்டத்து ஆள் சாவியோடு வருவதற்கு அதில்தான் பேச வேண்டியிருந்தது என்பதால் அது முனீஸ்வரியின் கைப்பைக்குள் வந்து சேர்ந்தது. மத்தியானம் எல்லோரும் கடைவீதி மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தபோது அது அடித்தது. அவள் எச்சில் கையோடு வெளியே வந்து எடுத்து, அலோ என்றாள்.

“மதினி, நான் பாண்டிராஜ் பேசுறேன். சித்தப்பா இருக்காகளா?”

முத்திருளனின் மகன். பேச்சு நின்ற நாளிலிருந்து அவன் இந்த நம்பருக்குக் கூப்பிட்டதே இல்லை. 

“சாப்பிட்டுக்கிட்டு இருக்காக தம்பி. நாங்க மலைக்கு வந்திருக்கோம். என்ன விசயம்?”

“அப்பாவுக்கு ரொம்ப முடியல மதினி. வீட்டுக்குக் கொண்டாந்துட்டோம். சித்தப்பாவ உடனே கிளம்பி வரச்சொல்லுங்க.” அவன் குரல் உடைந்தது. பின்னால் பொம்பளைகள் அழுகிற சத்தம் கேட்டது.

“சரி தம்பி. சொல்றேன்” என்றாள் முனீஸ்வரி.

வேறு எதுவும் கேட்கவில்லை. நம் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. சாவை யாரும் போனில் சாவு என்று சொல்வதில்லை. தூரத்திலிருந்து வருகிறவர்கள் வழியெல்லாம் அடித்துக்கொண்டு வரவேண்டாம் என்று ‘ரொம்ப முடியல’ என்பார்கள், ‘சீரியஸ்’ என்பார்கள், ‘உடனே வா’ என்பார்கள். கேட்கிறவர்களும் புரிந்துகொண்டு பையை எடுப்பார்கள். ஆள் போய்விட்டாரா என்று வாய் திறந்து கேட்பது அசிங்கம்.

முனீஸ்வரிக்கு ஒரு காலத்தில் இது புரியாமல் இருந்தது. அவள் அப்பாவுக்கு ‘சீரியஸ்’ என்று அவள் அண்ணன் கூப்பிட்டபோது அதை அப்படியே நம்பினாள். மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, வழியில் தெரிந்த கோயிலுக்கெல்லாம் வேண்டிக்கொண்டு போனாள். தீச்சட்டி எடுக்கிறேன், முடி இறக்குகிறேன், என் அப்பனைக் காப்பாற்று என்று. ஊரில் இறங்கினால் தெருவில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா முந்தின ராத்திரியே போய்விட்டிருந்தார். அழுகையைவிட அவளுக்கு அன்றைக்கு வந்தது கோபம். செத்துப்போன ஆளுக்காக வேண்டிக்கொண்டு வந்த தன் முட்டாள்தனத்தின் மேல் கோபம். அன்றோடு அவளுக்கு அந்தப் பாஷை பாடமாகிவிட்டது. ‘முடியல’ என்றால் முடிந்துவிட்டது. ‘வீட்டுக்குக் கொண்டாந்துட்டோம்’ என்றால் அதில் சந்தேகமே இல்லை.

மெஸ்ஸின் ஜன்னல் வழியே பார்த்தாள். சூரியபிரகாஷ் வாயிலிருந்து புகை வருகிறதா என்று ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தான். மே மாதம் மதுரையில் உடம்பெல்லாம் வேர்க்குருவோடு திரிந்த பிள்ளை. சத்யப்ரியா ஸ்வெட்டர் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு அதையும் அழகு பார்த்தாள். காசிமாயன் ரசத்துக்கு மறுசோறு வாங்கிக்கொண்டிருந்தார்.

சாப்பிடுகிறவரிடம் இழவைச் சொல்லக் கூடாது, அது முதலில். சாப்பிட்டு எழுந்ததும் சொல்வோம் என்று நினைத்தாள். எழுந்ததும் பிள்ளைகள் அருவிக்கு ஓடினார்கள். அருவி பார்த்துவிட்டு வரட்டும் என்று நினைத்தாள். அப்புறம் கணக்குப் போட ஆரம்பித்தாள். மத்தியானம் சொல்லியிருக்கிறார்கள், திருப்பூரிலிருந்து பெரிய மாமா முத்திருளனின் மகள் வந்து சேர வேண்டும், எப்படியும் நாளைக்குத்தான் எடுப்பார்கள். விடிந்ததும் கிளம்பினால் மாமாவைக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். போன மனுஷருக்கு இன்றைக்குப் போனால் என்ன, நாளைக்குப் போனால் என்ன. இந்த ஒரு பகல் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு பகல். இவர்கள் வீட்டுச் சாவுகளுக்கு அவள் கொடுத்தது போதும்.

தோட்டத்து வீட்டுச் சாவிதான் கைக்கு வந்துவிட்டதே என்று போனை அணைத்துப் பைக்கு அடியில், குழந்தைகளின் மாற்றுத் துணிக்குள் செருகினாள். அருள்பாண்டியிடமும் சொல்லவில்லை. அவன் முகம் எதையும் மறைக்கத் தெரியாத முகம்.

சாயங்காலம் மூட்டம் இறங்கியது. எதிரில் இருந்த மிளகுக்கொடிகூட மறைந்து போனது. பிள்ளைகள் அதற்குள் ஓடி ஒளிந்து விளையாடினார்கள். முனீஸ்வரிக்கு மட்டும் எல்லாமே ஈரமாக, கனமாகத் தெரிந்தது. சிரிக்கிற போதெல்லாம் தான் சிரிப்பது தனக்கே கேட்டது. அப்போதுதான் காசிமாயன் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு, குன்றின் மேலிருக்கும் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வரலாம் என்று கிளம்பினார்.

தீட்டோடு கோயிலா? அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இந்தப் பனியில எதுக்கு மாமா? பாப்பாவுக்கு வேற காய்ச்ச அடிக்கிற மாதிரி இருக்கு.”

“எனக்கு ஒண்ணுமில்லையே!” என்றாள் சத்யப்ரியா. முனீஸ்வரி அவள் கையை அழுத்திப் பிடித்தாள்.

“அப்ப நீங்க இருங்க. நான் மட்டும் ஒரு எட்டுப் போயிட்டு வாரேன்” என்றார் காசிமாயன்.

“வழுக்கும் மாமா. விழுந்து கைகால் ஒடிஞ்சா இந்த மலையில ஆஸ்பத்திரிக்கு எங்கிட்டுப் போறது? சொன்னாக் கேளுங்க.” குரல் உயர்ந்துவிட்டது. மாமனாரிடம் அவள் இப்படிப் பேசியதே இல்லை. சீனியம்மாள்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

 காசிமாயன் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“சரி விடு தாயி. அண்ணனுக்கு ஒரு துண்ணூறு வாங்கலாம்னு நினைச்சேன்.”

அவர் வாயிலிருந்து அண்ணன் என்ற சொல்லை முனீஸ்வரி கேட்டது அதுதான் முதல் தடவை.

“ஊருக்குப் போனதும் நானே போயி நெத்தியில பூசிவிட்டுட்டு வந்துரலாம்னு இருக்கேன். ஆள் விட்டாத்தான் வருவேன்னு இம்புட்டு நாளா உக்காந்திருந்தது கிறுக்குத்தனம். யாரு முன்னால போனா என்ன இப்ப? செத்தா வீம்பையும் சேத்தா கொண்டுபோகப் போறோம்? வரயில வேன்ல யோசிச்சுக்கிட்டே வந்தேன்.” கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். “உங்க அத்தைகிட்ட இப்பச் சொல்லிராத. சொன்னா, நான் சொன்னப்பக் கேட்டீகளாம்பா.”

 இப்போதே சொல்லிவிடலாம் என்று முனீஸ்வரிக்கு வாய்வரை வந்தது. சொல்லி என்ன ஆகப் போகிறது? அங்கே வீம்பை விட்டுவிட்டுப் போவதற்கு அண்ணன் இல்லை. இந்தச் சந்தோஷமாவது இன்று ராத்திரி மனுஷருக்கு இருக்கட்டும். அவருக்கு நல்லது செய்வதாகத்தான் அவள் நினைத்தாள். அந்த நினைப்பு உண்மையானது. அதை யார் முன்னாலும் அவள் சொல்ல முடியும், அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்றாலும்.

விடிந்ததும் பல் விளக்கக்கூட இல்லை, போனை உயிர்ப்பித்தாள். கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வரிசையாகச் செய்தி வந்து விழுந்தது. எல்லாம் பாண்டிராஜின் நம்பர். சாயங்காலம், ராத்திரி, விடிகாலை. இழவு வீட்டில் இத்தனை தடவையா கூப்பிடுவார்கள் என்று ஒரு கணம் அவளுக்கு ஓடியது. எடுக்கிற நேரம் சொல்லக் கூப்பிட்டிருப்பான் என்று அதை ஒதுக்கினாள். திருப்பிக் கூப்பிடவில்லை. காசிமாயனிடம் போய் நின்றாள்.

“இப்பத்தான் போன் வந்துச்சு மாமா. பெரிய மாமாவுக்கு ரொம்ப முடியலயாம். உங்கள உடனே வரச்சொன்னாக.”

சீனியம்மாளுக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அருள்பாண்டிக்கும் விளங்கியது. காசிமாயனுக்கு மட்டும் விளங்கவில்லை. அல்லது விளங்க வேண்டாம் என்று வைத்துக்கொண்டார்.

“வரச்சொன்னாகளா? என்னையவா? அண்ணன் சொன்னாராமா?”

“ஆமா மாமா.”

பொய் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னாள்.

இறங்குகிற வழி முழுக்க அவர் முன் சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, “விரசாப் போ மாப்ள” என்று டிரைவரை முடுக்கிக்கொண்டே வந்தார். இடையிடையே திரும்பி, “பேச்சு இருக்காமா? பேச்சு இருந்தாப் போதும் தாயி” என்பார். இருக்கிறதாம் என்று முனீஸ்வரி தலையாட்டினாள். பிள்ளைகள் பாதி விடுமுறை போன கோபத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சமவெளி வந்ததும் அனல் அடித்தது. சத்யப்ரியா ஸ்வெட்டரைக் கழற்றவில்லை, முனீஸ்வரியும் கழற்றச் சொல்லவில்லை.

தெருமுனையிலேயே கொட்டுச் சத்தம் கேட்டது. பந்தல் தெரிந்தது. காசிமாயன் வேன் நிற்பதற்கு முன்னால் இறங்கி, தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். அவர் போய்ச் சேருவதற்குள் முத்திருளனின் மனைவி ஒச்சம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். கட்டிக்கொண்டு அழத்தான் வருகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் அவர் சட்டையைப் பிடித்தாள்.

“இப்பத்தான் உனக்கு வழி தெரிஞ்சுச்சா? நேத்து மத்தியானம் ஆஸ்பத்திரியில கைய விரிச்சுட்டாங்கன்னு உசுரோட தூக்கிக்கிட்டு வந்தோமே. வந்ததுல இருந்து உன் பேரையில்ல சொல்லிக்கிட்டுக் கிடந்தாரு! ஊரே வந்து பால் ஊத்துச்சு, ஒரு சொட்டு உள்ள இறங்கல. மண்ணாசையா இருக்கும்னு தோட்டத்து மண்ணக் கரைச்சு ஊத்துனோம், துப்பிட்டாரு. ‘தம்பி வரட்டும், அவன் ஊத்தட்டும்’னு வாசலப் பாத்த கண்ணு பாத்தபடியே கிடந்துச்சேய்யா! விடியத்தானே மூடுச்சு!”

முனீஸ்வரி வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  உயிரோடு. மத்தியானம் உயிரோடு. அருவியில் பிள்ளைகள் கத்தியபோது உயிரோடு. துண்ணூறு வாங்கலாம் என்று இந்த மனுஷர் எழுந்தபோது உயிரோடு. ஊர் வழக்கத்தில் எல்லோரும் பொய்யாகச் சொல்கிற வார்த்தையை, பாண்டிராஜ் நிஜமாகச் சொல்லியிருக்கிறான்.

பாண்டிராஜ் முன்னால் வந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“நான் நேத்து மத்தியானமே போன் போட்டேனே சித்தப்பா. மதினிதான எடுத்தாக. உங்ககிட்டச் சொல்லலையா?”

கொட்டு நின்றிருந்தது. பந்தல் முழுக்க முனீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தது. அருள்பாண்டி ஒன்றும் புரியாமல் பார்த்தான். காசிமாயன் மெதுவாகத் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார். பெற்ற மகளுக்கு மேலாக அவளைத் தாயி என்று கூப்பிடுகிறவர். நேற்று அவள் பைக்குள்ளேயே கிடந்த போன், கோயிலுக்குப் போகாதே என்று போட்ட சத்தம், எல்லாம் அவர் கண்ணில் ஒவ்வொன்றாக வந்து போவதை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

“சொல்லுச்சுப்பா” என்றார் காசிமாயன். “மருமக அப்பவே சொல்லிருச்சு. நாந்தான் வரல.”

ஒச்சம்மாளின் கை சட்டையிலிருந்து தானாக விழுந்தது.  பிறகு பாண்டிராஜ், “அப்ப எதுக்கு இப்ப வந்தீக?” என்று கேட்டான். சத்தம் போடாமல்தான் கேட்டான்.

“என் புருசன் வாயில இவன் அரிசி போடக் கூடாது” என்றாள் ஒச்சம்மாள். “பால் ஊத்த வராத கை, அரிசி போடவும் வேணாம். சொல்லிட்டேன்.”

பெரிய மனுஷர்கள் யாராவது குறுக்கே வருவார்கள் என்று அருள்பாண்டி சுற்றுமுற்றும் பார்த்தான். ஒருத்தர் முகமும் நிமிரவில்லை. சாகக் கிடக்கிற அண்ணன் கூப்பிட்டும் வராதவனுக்காக எவன் பேசுவான்?

அவர் ‘நாந்தான் வரல’ என்று சொன்னபோது முனீஸ்வரிக்கு முதலில் வந்தது நிம்மதி. தப்பித்தோம் என்ற நிம்மதி. ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. ஆனால் வந்தது. அதற்குப் பிறகுதான் துக்கம், வெட்கம், எல்லாம். அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவர் பக்கத்தில் போனாள்.

“மாமா, நான் சொல்லிர்றேன். நான்...”

“எதையும் சொல்லாத.” அவர் அவளைப் பார்க்காமல் பேசினார். குரல் தாழ்வாக இருந்தது, அதில் கோபம்கூட இல்லை. “சொன்னா மட்டும் அவரு வாய் திறக்கவா போறாரு? நீ இந்த ஊருக்கு நாளப்பின்ன வந்து போகணும். எனக்கு இனிமே இங்க யாரு இருக்கா?” பிறகு, “பிள்ளைக காலையில இருந்து பட்டினி. எங்கிட்டாவது கூட்டிட்டுப் போயி வாங்கிக் குடு” என்றார். தாயி என்று சேர்க்கவில்லை.

அவள் சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே, அத்தனை பேர் முன்னால், நான்தான் மறைத்தேன் என்று கத்தியிருக்கலாம். காசிமாயன் தடுத்தார் என்பது சாக்கு. அவள் மனம் ஏற்கெனவே பிள்ளைகளின் பக்கம், வேனின் பக்கம், வெளியேறுகிற வழியின் பக்கம் திரும்பிவிட்டிருந்தது. சூரியபிரகாஷின் கையையும் சத்யப்ரியாவின் கையையும் பிடித்துக்கொண்டு தெருமுனை டீக்கடைக்கு நடந்தாள்.

பின்னால் மறுபடி கொட்டு ஆரம்பித்தது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வாய்க்கரிசிக்குப் பங்காளிகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காசிமாயன் பந்தலுக்கு வெளியே, வெயிலில், தன் பெயர் வருமா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.